ரசிகருக்கும் விண்கலத்துக்கும் நடுவே எத்தனை பேர்?

"அமைச்சரின் டிரைவருக்கு என் சகலையைத் தெரியும்" என்று ஒருமுறையாவது சொல்லாதவர் நம்மில் யார்? இந்தக் கணக்கை 1929-லேயே கதையாக எழுதிவிட்டார் ஹங்கேரி எழுத்தாளர் ஃபிரிஜெஸ் கரின்தி. உலகத்தில் யாராக இருந்தாலும் ஐந்து பேர் வழியாக எட்டிவிடலாம் என்று அந்தக் கதையில் ஒருவர் பந்தயம் கட்டுவார். 1967-ல் ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இதைத் தபால் அனுப்பியே சோதித்துப் பார்த்தார்.

அதே சமயத்தில் அந்த நாட்டில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களும் தபாலை நம்பி இறங்கினார்கள். தொடர் ஸ்டார் ட்ரெக். எண்பதுகளில் தூர்தர்ஷனில் பார்த்தவர்களுக்கு அந்தக் கூர்காது ஸ்பாக்கை நினைவிருக்கும்.

1966 செப்டம்பர் 8-ல் என்.பி.சி.யில் தொடங்கிய தொடர், இரண்டாவது ஆண்டிலேயே நிறுத்தப்படும் என்று பேச்சு வந்தது. பீஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் என்ற ரசிகத் தம்பதி ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். நீங்கள் ஒரு கடிதம் போடுங்கள், பத்துப் பேரைப் போடச் சொல்லுங்கள், அவர்கள் ஆளுக்குப் பத்துப் பேரிடம் சொல்லட்டும். பத்து, நூறு, ஆயிரம். மூட்டை மூட்டையாகக் கடிதம் போய் இறங்கியது.

வருடக்கணக்கில் தபால் பதிவேடு எழுதியவன் என்ற முறையில் இதன் வலிமை எனக்குப் புரிகிறது. ஆயிரம் பேர் கையெழுத்திட்ட பொதுமனுவுக்குப் பதிவேட்டில் ஒரே எண்தான். ஆயிரம் தனிக் கடிதம் வந்தால் ஆயிரம் எண் போட வேண்டும். மேலதிகாரி கேட்காமல் இருக்க முடியாது!

1968 மார்ச் 1 அன்று, தொடர் நீடிக்கும் என்று ஒளிபரப்பிலேயே அறிவித்தார்கள். ஆனால் கொடுத்த நேரம் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி. இளைஞர்கள் வீட்டில் இருக்கும் நேரமா அது? 1969-ல் தொடர் முடிந்தது. ஆனாலும் அந்த மூன்றாவது ஆண்டினால் மொத்தம் 79 பகுதிகள் சேர்ந்தன. ஊர் ஊராக உள்ளூர் நிலையங்கள் தினமும் மறு ஒளிபரப்பு செய்ய அந்தக் கையிருப்பு உதவியது. பெரும் ரசிகர் கூட்டம் உருவானது அதற்குப் பிறகுதான்.

1976-ல் மறுபடி கடிதம். நாசாவின் முதல் விண்ணோடத்துக்கு வைக்க நினைத்திருந்த பெயர் கான்ஸ்டிடியூஷன். ரசிகர்கள் அதிபர் ஃபோர்டுக்கு எழுதி, தொடரில் வரும் கலத்தின் பெயரான என்டர்பிரைஸ் என்று மாற்றவைத்தார்கள். அந்த ஓடம் வானில் சோதனை ஓட்டங்களோடு சரி, விண்வெளிக்குப் போகவே இல்லை.

விண்வெளிக்குப் போனது ஒரு ரசிகை. தொடரில் உஹூராவாக நடித்த கறுப்பினப் பெண் நிஷெல் நிக்கல்ஸ், முதல் ஆண்டு முடிவில் விலக நினைத்தார். ஒரு விழாவில், உங்கள் ரசிகர் ஒருவர் பார்க்க விரும்புகிறார் என்றார்களாம். திரும்பினால் மார்ட்டின் லூதர் கிங்! நீங்கள் விலகக் கூடாது என்று அவர் சொன்னதாக நிக்கல்ஸே பலமுறை கூறியிருக்கிறார். விலகவில்லை. 1977-ல் பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்வெளிப் பணிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி நாசாவுக்காக ஊர் ஊராகப் பேசினார்.

சிகாகோவில் உஹூராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் மருத்துவரானார். 1987-ல் நாசாவில் தேர்வானார். 1992 செப்டம்பரில் எண்டெவர் ஓடத்தில் பறந்த முதல் கறுப்பினப் பெண் ஆனார். அங்கே தன் பணி நேரத்தைத் தொடங்கும்போதெல்லாம் உஹூராவின் வசனத்தைச் சொல்வாராம்.

1987-ல் தொடங்கிய புதிய தொடரில் கேப்டன், ழான்-லுக் பிக்கார் என்ற பிரெஞ்சுக்காரர். நடித்தவரோ சுத்த ஆங்கிலேயர், பேச்சும் அப்படியே. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இது இன்னும் ஜீரணமாகவில்லை. போகட்டும். அந்தத் தொடரில் 1993-ல் ஜெமிசன் ஒரு சிறு வேடத்தில் நடித்தார். நிஜமாக விண்வெளி சென்ற ஒருவர் ஸ்டார் ட்ரெக்கில் நடித்தது அதுதான் முதல்முறை. படப்பிடிப்பன்று அவரைப் பார்க்க நிக்கல்ஸ் வந்திருந்தார்.