60ஆம் தெருவின் தெற்குப் பக்கம்

ஓரிடத்தில் வாழ்வோர் தம் பொதுத் தேவைகளைத் தாமே கண்டறிந்து, அவற்றைப் பெறுவதற்கென ஒன்றுகூடி நிலையான அமைப்பொன்றை ஏற்படுத்திக்கொள்வதும், அவ்வாறு கூடுவதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் துணைநிற்பதும் சமூகப் பணிக் கல்வியில் சமுதாய அமைப்பாக்கம் எனப்படுகின்றன. அதனோடு சேர்த்துக் கற்பிக்கப்படும் பரிந்துபேசல் என்பது, சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் நகராட்சியிலும் தம் குரல் எட்டாதவர்களின் பக்கம் நின்று வாதாடுவதாகும். இன்று முதுகலைப் பாடத்திட்டங்களில் இடம்பெறும் இவ்விரண்டும் தெருவில் பிறந்து பல்கலைக்கழகத்துக்குள் வந்தவை. வரும் வழியில் அவை எதை இழந்தன என்பதை அமெரிக்காவின் சிகாகோ நகர வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

1889இல் ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் என்னும் இரு பெண்கள் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஹல் இல்லத்தைத் தொடங்கினர். லண்டனில் 1884இல் அமைந்த டாயின்பி ஹாலை முன்மாதிரியாகக் கொண்ட இவ்வகை நிலையங்களைக் குடியமர்வு இல்லங்கள் எனலாம். படித்தவர்கள் ஏழைகளின் தெருவுக்கு வந்து உதவிவிட்டுத் திரும்பிச் செல்லாமல், அங்கேயே குடியமர்ந்து அக்கம்பக்கத்தாராக வாழ வேண்டும் என்பது அவற்றின் அடிப்படைக் கருத்து. இங்கு வந்து தங்கிய ஃபிளாரன்ஸ் கெல்லி, சுற்றுப்புறத் தெருக்களில் வீடுவீடாகத் திரட்டப்பட்ட விவரங்களைக் கொண்டு, எந்த வீட்டில் எந்த நாட்டார் வாழ்ந்தனர், வாரக் கூலியாக எவ்வளவு பெற்றனர் என்பவற்றை வண்ணங்களால் காட்டும் வரைபடங்கள் உருவாகக் காரணமானார். அவை 1895இல் நூலாக வெளிவந்தன. ஆனால், வரைபடம் வரைவதோடு அவர் நிற்கவில்லை. பெண்களின் வேலைநேரத்தை நாளொன்றுக்கு 8 மணியாக வரையறுத்த 1893ஆம் ஆண்டின் இல்லினாய் தொழிற்சாலைச் சட்டத்துக்காகப் போராடினார், அச்சட்டத்தின்படி மாநிலத் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக அமர்த்தப்பட்டார், பதவியில் இருந்தபடியே நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று பட்டமும் பெற்றார். 8 மணி வரையறையை 1895இல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாதெனத் தள்ளிவிட்டது என்றாலும், கணக்கெடுப்பும் கிளர்ச்சியும் வழக்கும் ஒருவர் கையிலேயே ஒன்றாயிருந்த காலம் அது. பின்வந்த பாடத்திட்டங்கள் இம்மூன்றையும் தனித்தனித் தாள்களாகப் பிரித்தன.

குடியமர்வு இல்லத்தாரின் முயற்சியால் தோன்றிய சிகாகோ குடிமையியல்–அறப்பணிப் பள்ளி 1908இல் முறைப்படி பதிவு பெற்றது; 1920இல் அது சிகாகோ பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுச் சமூக சேவை நிர்வாகப் பள்ளியாயிற்று. இந்த இணைப்பைச் சாதித்தவர்களுள் முதன்மையானவர்கள் சோஃபோனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜும், 1924இல் அப்பள்ளியின் தலைவரான ஈடித் ஆபட்டும். இரக்கத்தை மட்டும் மூலதனமாகக் கொண்ட தொண்டர்களை உருவாக்க அவர்கள் விரும்பவில்லை. புள்ளியியல், சட்டம், அரசு நிர்வாகம் ஆகியவற்றில் தேர்ந்தவர்களையே விரும்பினர். அவர்கள் தந்த கண்டிப்பான கல்வி சமூகப் பணிக்கு ஒரு மதிப்பைத் தேடித்தந்தது. ஆயினும் மாணவரின் பார்வை தெருவிலிருந்து அலுவலகத்தை நோக்கித் திரும்பியதற்கும் பள்ளியின் பெயரிலேயே நின்ற ‘நிர்வாகம்’ சாட்சியாகிறது.

சிகாகோ மரபின் ஒரு கிளை இந்தியாவையும் எட்டியது. அப்பல்கலைக்கழகத்தில் பயின்ற கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்னும் மதப்பணியாளர் 1925இல் பம்பாய்க்கு வந்து, நாக்பாடாவில் அக்கம்பக்க இல்லமொன்றை நடத்தினார். 1936இல் தொடங்கப்பட்ட சர் தோராப்ஜி டாட்டா சமூகப் பணிப் பட்டமேற்படிப்புப் பள்ளிக்கு அவரே முதல் இயக்குநர். பின்னர் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர்பெற்ற அந்நிறுவனத்தை அவருக்குப்பின் நடத்தியவர், காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பாவின் உடன்பிறந்தவரான ஜே.எம். குமரப்பா. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சமூகப் பணிப் பள்ளி அமைந்தது 1952இல்தான்.

1939ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. தேசிய சமூகப் பணி மாநாட்டில் வைக்கப்பட்ட ராபர்ட் லேனின் அறிக்கை, சமுதாய அமைப்பாக்கத்தின் நோக்கம் மக்களின் தேவைகளையும் கிடைக்கும் வளங்களையும் ஒன்றோடொன்று பொருத்துவதே என வரையறுத்தது. அதே ஆண்டில், சிகாகோ பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டுக் குற்றவியல் களப்பணியில் ஈடுபட்டிருந்த சால் அலின்ஸ்கி, ஜோசப் மீகனுடன் சேர்ந்து, இறைச்சிக் கூடங்களை ஒட்டிய தொழிலாளர் பகுதியில் ‘பேக் ஆஃப் தி யார்ட்ஸ்’ அக்கம்பக்கக் கழகத்தை நிறுவினார். ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்துவந்த பல நாட்டுக் கத்தோலிக்கக் கோயில்களையும் தொழிற்சங்கத்தையும் அவர் ஒரே கூரையின்கீழ் அமர்த்தினார். அவர் கேட்டது வளங்களின் பொருத்தத்தை அன்று, அவற்றைப் பங்கிடும் அதிகாரத்தில் ஒரு பங்கை. இரண்டுக்கும் அமைப்பாக்கம் என்ற ஒரே பெயர் வழங்கியது; பாடநூல்கள் நெடுங்காலம் முதல் பொருளையே கற்பித்துவந்தன என்பதில் வியப்பில்லை, ஏனெனில் தேர்வுத்தாளில் எழுதத்தக்கது அதுவே.

முரண் முற்றியது 1960களின் தொடக்கத்தில். சிகாகோ பல்கலைக்கழகம் தன் வளாகத்தைத் தெற்கே, 60ஆம் தெருவுக்கும் 61ஆம் தெருவுக்கும் இடைப்பட்ட நீண்ட துண்டுநிலத்தில் விரிவாக்க முனைந்தபோது, அதையடுத்த வுட்லான் பகுதியின் கறுப்பின மக்கள், தம் வீடுகளும் அடுத்துப் போய்விடும் என்று அஞ்சி, அலின்ஸ்கியின் குழுவினரின் துணையோடு வுட்லான் அமைப்பை உருவாக்கினர். போதகர் ஆர்தர் பிரேசியர் அதன் முன்னணித் தலைவராக விளங்கினார். 1961இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பேருந்துகளில் ஏறி, வாக்காளர்களாகப் பதிவுசெய்துகொள்ள நகர மன்றத்துக்கு அணியாகச் சென்றனர். மேயர் டேலி இடையில் நின்று பேசியபின், 61ஆம் தெருவைத் தாண்டி விரிவாக்குவதில்லை எனப் பல்கலைக்கழகம் ஒப்பவேண்டியதாயிற்று. அமைப்பாக்கத்தைக் கற்பித்த நிறுவனமே அமைப்பாக்கத்தின் எதிர்த்தரப்பாக நின்ற இந்நிகழ்ச்சி, எந்தப் பாடநூலின் எடுத்துக்காட்டையும்விட நல்ல பாடம்.

வகுப்பறையும் மாறாமல் இருக்கவில்லை. 1968இல் ஜாக் ராத்மன், ஊர் வளர்ச்சி, சமூகத் திட்டமிடல், சமூகச் செயற்பாடு என அமைப்பாக்கத்தை மூன்று வகைகளாகப் பிரித்து, போராட்டத்தையும் அவற்றுள் ஒன்றாக ஏற்றார். அப்பகுப்பு இந்தியக் கல்லூரிகளிலும் இன்றுவரை கற்பிக்கப்படுகிறது. சமூக சேவை நிர்வாகப் பள்ளிக்கென மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த, எஃகும் கண்ணாடியுமான கட்டடமோ 1960களின் நடுப்பகுதியில் எழுந்தது. அது நிற்குமிடம் 60ஆம் தெருவின் தெற்குப் பக்கம், வழக்குக்குள்ளான அதே துண்டுநிலத்தில்.