ஒஹிய எலி: போக்கிடம் இல்லாத மலைக்காட்டு உயிர்

பதுளை செல்லும் புகையிரதப் பாதையில், ஹோர்ட்டன் சமவெளிக்கு அருகே உள்ளது ஒஹிய நிலையம். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய சிறிய எலியொன்று மலையகக் காடுகளில் வாழ்கிறது.

மேலே சாம்பல் நிறம், வெள்ளை வயிறு, நீண்ட வால். வீட்டெலிபோல மனிதரை அண்டி வாழ்வதில்லை. ஈரமான மலைக்காடே இதன் இருப்பிடம். 1929இல் இதை அறிவியல் உலகுக்கு விவரித்த பிலிப்ஸ், இலங்கையில் தோட்டத்துரையாக இருந்தவர்.

'சிறிலங்காமிஸ்' என்ற பேரினத்தில் இருப்பது இந்த ஓர் இனம் மட்டுமே. இலங்கைக்கு வெளியே இது எங்கும் இல்லை.

கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. எஞ்சியவை துண்டு துண்டாகக் கிடக்கின்றன. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டுள்ளது.

இந்தக் காடுகளும் போனால், இடம்பெயர்ந்து செல்ல இதற்கு வேறு இடமில்லை.