இணைய வேகம்: அளவுகோல் வளர்ந்த கதை



போன வாரம் எங்கள் விடுதியில் ஒரு சண்டை. ஒரே அறை, ஒரே வைஃபை. இருவர் ஆளுக்கொரு கைப்பேசியில் நெட் வேகத்தை அளந்தார்கள். ஒருவனுக்கு 80, இன்னொருவனுக்கு 22! ஒரு அறைக்கே இந்தக் கதி என்றால், நாட்டையும் நாட்டையும் ஒப்பிடும் பட்டியல்களை எப்படி நம்புவது? தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே தருகிறேன்.

முதலில் வந்தது 'பிங்'. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் எழுதிய சின்ன நிரல். நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்க உதவும் சோனார் ஒலியின் பெயரையே அதற்கு வைத்தார். ஒரு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று மட்டுமே அது சொல்லும். பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்பது வேறு, எத்தனை பேரை ஏற்றும் என்பது வேறு இல்லையா? இன்று நாம் 'ஸ்பீடு' என்று சொல்வது இரண்டாவதை.

அடுத்த குழப்பம், எதை 'பிராட்பேண்ட்' என்பது. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது டயல்-அப் வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். (கவனிக்க, பைட் அல்ல பிட்! 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட்.) 2004 பிராட்பேண்ட் கொள்கை குறைந்தபட்சம் 256 கிலோபிட் என்றது. 2013-ல் அது 512 ஆனது, 2023-ல் 2 மெகாபிட். அமெரிக்காவிலோ 1999-ல் 200 கிலோபிட், 2010-ல் 4 மெகாபிட், 2015-ல் 25, 2024-ல் 100. அதாவது 2015-ல் இரு நாடுகளின் வரையறைக்கும் இடையே ஏறக்குறைய 50 மடங்கு வித்தியாசம்! அந்த ஆண்டு இரு நாட்டு 'பிராட்பேண்ட் இணைப்புகளை' அப்படியே எண்ணி ஒப்பிட்டால், இங்கே முழத்தாலும் அங்கே மைலாலும் அளந்த மாதிரிதான்.

2006-ல் ஊக்லா நிறுவனத்தின் 'ஸ்பீடுடெஸ்ட்' தளம் வந்தது. யார் வேண்டுமானாலும் ஒரு பொத்தானை அழுத்தி அளக்கலாம். அது பக்கத்தில் இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுத்து, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறக்கும். 2009-ல் வந்த 'மெஷர்மென்ட் லேப்' சோதனை வேறு மாதிரி. ஒரே ஒரு இணைப்பு, அதுவும் நம் நிறுவனத்தின் வலைக்கு வெளியே உள்ள சர்வருக்கு. அதனால் எண் பெரும்பாலும் குறைவாகவே வரும். எங்கள் விடுதிச் சண்டையின் மர்மமும் இதுதான், இருவரும் வெவ்வேறு சோதனை ஓட்டியிருக்கிறார்கள்! இரண்டுமே பொய் இல்லை, கேட்ட கேள்விதான் வேறு.

இன்னொரு சிக்கல், யார் அளக்கிறார்கள் என்பது. நெட் படுத்துவிட்டால் அளப்போம், புது இணைப்பு வாங்கினால் பெருமைக்கு அளப்போம். மற்ற நாட்களில் யார் அளக்கிறார்கள்? இதைச் சரிசெய்யத்தான் 2011-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் வேறு வழியில் போனது. தன்னார்வலர்களின் வீடுகளில் சிறு பெட்டிகளை வைத்து, கூட்டம் அதிகமான இரவு 7 முதல் 11 மணி வேகத்தைத் தனியாகப் பார்த்தது.

சராசரியும் ஏமாற்றும். 9 வீடுகளில் 10 மெகாபிட், ஒரு வீட்டில் மட்டும் 1000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 109! ஆனால் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் வெறும் 10. ஊக்லாவின் உலகத் தரவரிசையே 2021-ல்தான் சராசரியை விட்டு இந்த நடு எண்ணுக்கு மாறியது.

இதெல்லாம் வெறும் கணக்கு விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் பழைய முறையில், ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துண்டில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்பு தர முடிந்தாலும் அந்தத் துண்டு முழுவதும் 'இணைப்பு உண்டு' என்று வரைபடத்தில் காட்டப்பட்டது. கிராமப்புறங்களில் இந்தத் துண்டுகள் மிகப் பெரியவை. நெட்டே கிடைக்காத எத்தனையோ வீடுகள் இப்படிக் காகிதத்தில் காணாமல் போயின. 2022-ல் வீடு வீடாகக் கணக்கிடும் புது வரைபடம் வந்தது. 2023-ல் 42.45 பில்லியன் டாலர் உதவித்தொகையை மாநிலங்களுக்குப் பிரித்தது அதை வைத்துத்தான். வரைபடத்தில் இல்லாத வீட்டுக்குப் பணமும் இல்லை, கம்பியும் இல்லை.

ஆக, ஒரே கருவி, ஒரே முறை, ஒரே நேரம் என்றால் ஒப்பிடலாம், ஒரே ஊர் ஆண்டுக்கு ஆண்டு எப்படி முன்னேறுகிறது என்றும் பார்க்கலாம். ஆனால் வேகச் சோதனை ஓட்டவே நெட் வேண்டும். நெட் இல்லாதவன் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. அடுத்த முறை தரவரிசை ஒன்றைப் பார்க்கும்போது அவனையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் இரண்டு சோதனைகளையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, எண்களைப் பின்னூட்டத்தில் போடுங்கள். மறக்காமல் நேரத்தையும் எழுதுங்கள்!