நேரு ஸ்டேடியத்தின் கதை

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால், சென்ட்ரலுக்குச் சற்று முன்னால் பெரியமேடு வரும். காட்டுப்பாக்கம், குமணன்சாவடி பக்கத்து மாணவர்களுக்கு அது நேரு ஸ்டேடியம் இருக்கும் இடம். கால்பந்துக்கும் தடகளத்துக்கும் பேர்போன இந்த மைதானம், ஒரு காலத்தில் டெஸ்ட் கிரிக்கெட் நடந்த இடம் என்பது பலருக்குத் தெரியாது!

இந்தப் பகுதி முழுவதும் முன்பு பீப்பிள்ஸ் பார்க். 1859-60ல் சென்னை கவர்னராக இருந்த சார்லஸ் டிரெவெல்யன் மக்களுக்காக ஏற்படுத்திய பூங்கா. மிருகக்காட்சி சாலையும் இங்கேதான் இருந்தது. பூங்கா கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. ஒரு பக்கம் மூர் மார்க்கெட் வந்தது, இன்னொரு பக்கம் மாநகராட்சி ஸ்டேடியம் வந்தது.

1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் போட்டிகள் சேப்பாக்கத்தில் அல்ல, இங்கேதான் நடந்தன. மொத்தம் 9 டெஸ்ட்கள். முதல் போட்டியே சரித்திரம். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட் 231, பங்கஜ் ராய் 173. இருவரும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 413 ரன்கள்! அந்த உலக சாதனையை முறியடிக்க 52 ஆண்டுகள் ஆயின. 2008ல் தென் ஆப்பிரிக்காவின் ஸ்மித்தும் மெக்கன்சியும் 415 எடுத்தார்கள்.

1962ல் இங்கிலாந்தை இங்கே வென்றுதான் இந்தியா முதன்முறையாக அந்த அணிக்கு எதிராக ஒரு தொடரைக் கைப்பற்றியது. 1964ல் அதே இங்கிலாந்துக்கு எதிராக பாபு நட்கர்னி தொடர்ந்து 21 மெய்டன் ஓவர்கள் போட்டார். 32 ஓவரில் கொடுத்தது 5 ரன்தான்!

பிறகு கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிவிட்டது. 1993ல் பழைய ஸ்டேடியம் இருந்த இடத்தில் புதிய ஸ்டேடியம் எழுந்தது. அந்த ஆண்டு நேரு கோப்பை கால்பந்து, 1995ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள், 2014 முதல் சென்னையின் எஃப்.சி. அணியின் ஆட்டங்கள் என்று அதற்கு இரண்டாவது வாழ்க்கை கிடைத்தது. பக்கத்தில் உள்ள உள்விளையாட்டு அரங்கில்தான் 2022ல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா நடந்தது.

பல விளையாட்டுகளுக்கு ஒரே மைதானம் என்பதில் ஒரு சிக்கல் உண்டு. கால்பந்துத் திடலைச் சுற்றி ஓடுதளம் இருந்தால், ரசிகர்கள் ஆட்டத்திலிருந்து தள்ளி உட்கார வேண்டியிருக்கும். பாரிஸ் அருகே 1998ல் திறக்கப்பட்ட ஸ்டாட் டி பிரான்சில் இதற்கு வழி கண்டார்கள். அங்கே கீழ்வரிசை இருக்கைகளையே நகர்த்தலாம். பின்னால் தள்ளினால் ஓடுதளம், முன்னால் கொண்டு வந்தால் கால்பந்து. அவ்வளவு செலவு செய்யாத மைதானங்களில் கால்பந்து ரசிகர் தூரத்தைப் பொறுத்துக்கொள்கிறார்.

அது குறைதான். ஆனால் அந்த ஓடுதளத்தை எடுத்துவிட்டால் மாவட்டங்களிலிருந்து வரும் ஓட்டக்காரர்கள் எங்கே போவார்கள்? கிரிக்கெட்டுக்குச் சேப்பாக்கம் இருக்கிறது. மற்ற விளையாட்டுகளுக்கு இந்தப் பெரியமேட்டு மைதானம் வேண்டும். பூங்காவை இழந்து நகரம் பெற்ற இடம் இது. அதில் கூட்டங்களையும் விழாக்களையும் விட விளையாட்டு அதிகம் நடக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தானே?