குழாயைத் திறந்தே விட்ட கதை

ஆஸ்திரேலிய வரைபடத்துல ஏர் ஏரியைத் தேடிப் பாருங்க. நீல நிறத்துல போட்டிருப்பாங்க. பெரும்பாலான வருஷங்கள்ல அது வெறும் உப்புத் தரை. ஆறுகளும் அப்படித்தான். கூப்பர் கிரீக் வெள்ளம் வந்தா கடல், வராட்டி அங்கங்கே குட்டை. இந்தச் சீமையில்தான் அன்னா கிரீக் என்ற ஒரே மாட்டுப் பண்ணை 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கிறது. மாடுகள் எதைக் குடிச்சுது?

பதில் தரைக்கு அடியில இருக்கு. கிரேட் ஆர்ட்டீசியன் பேசின், சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர். கிழக்கு மலைச்சரிவில் பெய்யும் மழை மணற்பாறைக்குள் இறங்கி, மேற்கே மிக மெதுவாக நகர்கிறது. மேலே இறுகிய களிப்பாறை மூடி. மொட்டைமாடி டேங்க் தண்ணி கீழ்வீட்டுக் குழாய்ல வேகமா வருமே, அதே கணக்குதான். மேற்கு ஓரத்தில் அந்த நீர் தானாகவே ஊற்றாகப் பொங்கும்.

அந்த ஊற்றுகள் அரபானா மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவை. 1859-ல் ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் அந்த ஊற்று வரிசையைப் பிடித்து வடக்கே போனார். 1872-ல் முடிந்த தந்திக் கம்பியும், பிறகு ரயிலும் அதே வழிதான். 'ஸ்டூவர்ட் கண்டுபிடித்த பாதை'ன்னு படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் நெருடும்.

1878-ல் நியூ சவுத் வேல்ஸின் கல்லாரா பண்ணையில் போர் போட்டாங்க. பம்ப் இல்லாமலே தண்ணி பீறிட்டது. அப்புறம் கேக்கணுமா? ஆயிரக்கணக்கில் போர்கள். வால்வு கிடையாது. இரவும் பகலும் ஓடுற தண்ணியை மண் வாய்க்காலில் கிலோமீட்டர் கணக்கில் விட்டாங்க, ஆடுமாடு வந்து குடிக்க. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆவியாகவும் கசிந்தும் போச்சு. முயல், பன்றி, களைச்செடிக்கெல்லாம் கொண்டாட்டம்.

இங்கதான் ஒரு விஷயம் கவனிக்கணும். அடியில் தண்ணீர் தீர்ந்துவிடவில்லை, அழுத்தம் இறங்கியது. பீறிட்ட போர்கள் பல தூங்கிப்போச்சு, ஊற்றுகள் பல வற்றின. இது தெரியாமலும் நடக்கலை. 1912-லேயே மாநிலங்கள் சிட்னியில் கூடி இதைப் பேசியிருக்காங்க. ஆனா மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து, போர்களுக்கு வால்வு, வாய்க்காலுக்குப் பதில் பிளாஸ்டிக் பைப், தொட்டின்னு பெரிய திட்டமா இறங்கியது 1999-ல்.

மூடிய இடங்களில் அழுத்தம் மெல்ல ஏறுகிறது. ஊற்றுகளில் மட்டுமே வாழும் குட்டி மீன்களும் நத்தைகளும் உண்டு. வற்றிய ஊற்றில் நாளைக்கே நீர் பொங்கினாலும், அழிந்த இனம் திரும்ப வராது.