மாடு மேயும் தரை

மேலிருந்து பச்சையாகத் தெரிவதெல்லாம் புல்வெளி இல்லை. 1919 ஜூன் 15 அன்று, அட்லாண்டிக்கை முதன்முதலாக நிற்காமல் கடந்து வந்த அல்காக்கும் பிரவுனும் அயர்லாந்தின் கிளிஃப்டன் அருகே, மார்க்கோனி வயர்லெஸ் நிலையத்தை ஒட்டி ஒரு பச்சைத் தரையில் இறங்கினார்கள். இறங்க வேண்டாம் என்று நிலையத்து ஆட்கள் கையசைத்தார்களாம். மேலே இருந்தவர்களுக்கு அது வரவேற்பாகத் தெரிந்தது. தரை சதுப்பு. விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. இருவரும் பிழைத்தார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது அமேலியா இயர்ஹார்ட்டின் கதை. 1932 மே 20, நியூஃபவுண்ட்லாந்தின் ஹார்பர் கிரேஸிலிருந்து தனியாகக் கிளம்பினார். லிண்ட்பெர்க் பாரிஸுக்குப் பறந்த அதே தேதி, ஐந்து வருஷம் கழித்து. இவருக்கும் பாரிஸ்தான் இலக்கு. வழியில் உயரம் காட்டும் மீட்டர் செத்துப்போனது, இறக்கையில் பனி உறைந்தது, எக்ஸாஸ்ட்டில் வெல்டிங் விட்டு நெருப்பு எட்டிப் பார்த்தது. காக்பிட்டுக்குள் பெட்ரோல் கசிவு வேறு.

வயலைத் தேர்ந்தெடுப்பதெல்லாம் பிறகு. முதலில் பாரிஸை விட வேண்டும், அதுதான் கஷ்டம். அவர் விட்டார். அயர்லாந்தின் மேல் ரயில் தண்டவாளம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பறந்தார்: தண்டவாளம் ஊருக்குப் போகும், ஊரில் விமானத் தளம் இருக்கலாம். சரியான லாஜிக். டெர்ரி வந்தது, தளம்தான் இல்லை. சுற்றிலும் மேய்ச்சல் நிலம். மாடு மேய்கிற தரை கெட்டியாகத்தான் இருக்கும், இல்லையா? கல்மோரில் ஒரு நிலத்தில், மாடுகள் மிரள, ஏறக்குறைய 15 மணி நேரப் பறத்தலை முடித்தார். அந்தச் சிவப்பு லாக்ஹீட் வேகா இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.