கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு எதிரி

தேவாரத்தில் மீன் என்றால் குழம்புக்குத்தான். பதினெட்டாம் கால்வாயில் தண்ணீர் வரும் நாட்களில் பையன்கள் துண்டை விரித்துப் பிடிப்பதும், வைகை அணை மீன் என்று சந்தைக்கு வருவதும் பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்க மீன். 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதுவும் சிக்லிட் குடும்பம்தான் என்பது ஊரில் யாருக்கும் தேவைப்படாத தகவல். அதனால் என் இரண்டடித் தொட்டியில் ஒரு ஜோடி கிரிபென்சிஸை விட்டபோது பெரியம்மா கேட்டது ஒரே கேள்வி: "இது எப்பப்பா பெருசாகும்?"

ஆகாது. விரல் நீளம்தான். குள்ள சிக்லிட் என்பார்கள். ஆனால் குணம் குள்ளம் இல்லை. நாலாவது நாள் காலையில் பெண் மீன் ஹீட்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றது. வால் பாதி கிழிந்திருந்தது. ஜோடி என்று சொல்லித்தானே வாங்கினோம், ஏன் இப்படி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அது ஆஸ்திரியாவில் போய் நிற்கிறது.

கொன்ராட் லோரன்ஸ் விலங்கு நடத்தையியலின் முன்னோடிகளில் ஒருவர். 1973ல் நோபல் பரிசு பெற்றவர். 1938ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வன்முறை பற்றி 1963ல் அவர் எழுதிய புத்தகத்தில் மீன் தொட்டிகள் நிறைய வருகின்றன. சிக்லிட் ஜோடியைத் தனியாக ஒரு தொட்டியில் விட்டால் ஆண் தன் துணையையே அடிக்கும். தொட்டியை நடுவில் கண்ணாடி வைத்துத் தடுத்து, அந்தப் பக்கம் இன்னொரு ஜோடியை விட்டால், இரண்டு குடும்பமும் கண்ணாடி வழியே ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு, உள்ளே சமாதானமாக வாழும். கண்ணாடியில் பாசி படிந்து எதிரி மங்கலாகிவிட்டால் வீட்டுக்குள் மறுபடி அடிதடி. எந்தக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்பதை மீன்களின் சண்டையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்கிறார்.

சிரிப்பு வருகிறது, இல்லையா? ஆனால் இதிலிருந்து அவர் போன இடம் சிரிப்பதற்கில்லை. வெறி உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும், வடிகால் இல்லாவிட்டால் தானாக உடைத்துக்கொண்டு வரும், மனிதனுக்கும் அப்படியே என்றார்.

இங்கே நம்ம ஊர் மீன் ஒன்று கதைக்குள் வருகிறது. இந்தியாவுக்கே உரிய சிக்லிட்கள் மூன்றே மூன்று. மலை இறங்கிக் கேரளா போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து பெருமை பேசும் கரிமீன் ஒன்று. கர்நாடகப் பக்கம் ஒன்று. மூன்றாவது, மலையாளிகள் பள்ளத்தி என்று சொல்லும் ஆரஞ்சு குரோமைடு. நம் கடலோர உப்பங்கழிகளிலும் இலங்கையிலும் இருக்கும் உள்ளங்கைக்குள் அடங்குகிற மீன். 1795ல் பெர்லின் மருத்துவர் புளோக் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். தரங்கம்பாடியிலிருந்த மிஷனரி ஜான், மீன்களைப் பதப்படுத்தி அனுப்பிக்கொண்டிருந்தது இந்தப் புளோக்குக்குத்தான். 1969ல் ஆன் ராசா என்ற ஆய்வாளர் லோரன்ஸின் கருத்தைச் சோதிக்க எடுத்தது இந்த மீனை. தனியாக அடைக்கப்பட்ட ஜோடிகள் தங்களுக்குள் அதிகம் அடித்துக்கொண்டன; குஞ்சு வளர்ப்பதிலும் பின்தங்கின. லோரன்ஸ் ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

ஆனால் வால்டர் ஹைலிகன்பெர்க் 1960களில் என் தொட்டியில் இருக்கிற அதே கிரிபென்சிஸை ஆராய்ந்தவர். லோரன்ஸிடம் படித்தவரும்கூட. அவரும் கிராமரும் 1972ல் வேறொரு ஆப்பிரிக்க சிக்லிட்டை வைத்துச் செய்த சோதனையை நான் இரண்டு முறை படித்தேன். ஆண் மீனை மற்ற ஆண்களிடமிருந்து பிரித்துத் தனியே வைத்தார்கள். லோரன்ஸ் கணக்குப்படி வெறி ஏற வேண்டும். நாளாக ஆக அது இறங்கியது. எதிரி மாதிரி ஒரு பொம்மை மீனைச் சில நொடிகள் காட்டி எடுப்பதை நாள்கணக்கில் செய்தபோதுதான் ஏறியது. காட்டுவதை நிறுத்தியதும் மெல்ல மெல்லத் தணிந்தது. அதாவது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரியும் எதிரி வெறும் வடிகால் இல்லை, அதுவே ஊற்றாகவும் இருக்கலாம்.

இதை நான் மீனுக்காக மட்டும் படிக்கவில்லை. 1989ல் போடியில் சாதிக் கலவரம் நடந்தது. நான் பிறப்பதற்கு முன்பு. எங்கள் பக்கம் அந்தப் பேச்சு வந்தால் இன்றும் யாராவது ஒருவர், "அவிங்க ரத்தமே அப்படிப்பா" என்று முடித்துவிடுவார். எந்தத் தெருவில் உட்கார்ந்து கேட்கிறோம் என்பதைப் பொறுத்து 'அவிங்க' மாறும். மீன் வேறு, மனிதன் வேறு, தெரியும். ஆனால் "ரத்தம்" என்பதை மீனுக்கே முழுசாக நிரூபிக்க முடியவில்லை என்று தெரிந்தபோது ஏதோ லேசானது. எதிரியை யார் காட்டுகிறார்கள், எத்தனை முறை காட்டுகிறார்கள் என்று கேட்கலாம் அல்லவா?

ராசாவின் ஜோடிகளும் என் ஜோடியும் அடைபட்டிருந்த பெட்டியையும் மறந்துவிடக் கூடாது. ஆற்றில் அடிபட்ட பெண் மீன் நாலு முழம் தள்ளிப் போய்விடும், சண்டை அங்கேயே முடிந்துவிடும். இரண்டடித் தொட்டியில் எங்கே போகும்? 1970களில் வைமனும் வார்டும் கவனித்தது இதற்கு நல்ல துணை. அதே ஆரஞ்சு குரோமைடு, தன்னைவிடப் பெரிய கரிமீனின் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்கிறது. கரிமீன் அசையாமல் நின்று கொடுக்கிறது.

என் தொட்டிக்கு எதிரி எதுவும் வாங்கவில்லை. மூன்று கொட்டாங்குச்சியைக் கொதிக்கவைத்து, வாய் வெட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்று தெரியாதபடி கவிழ்த்தேன். நடுவே ஒரு மரக்கட்டை, கொஞ்சம் செடி. மேல்மட்டத்தில் ஓடித் திரிய ஆறு சின்ன மீன்கள். அவை பயமில்லாமல் அலைவதைப் பார்த்தால் கீழே இருப்பவையும் பதற்றம் தணியும் என்பார்கள். இரண்டு வாரம் பெண்ணைத் தனி வாளியில் வைத்து, வால் வளர்ந்த பிறகு திரும்ப விட்டேன். ஆண் துரத்தியது. அது மரக்கட்டைக்கு அந்தப் பக்கம் போய் மறைந்தது. ஆண் கொஞ்ச நேரம் தேடிவிட்டுத் திரும்பிவிட்டது.

இப்போது வயிறு சிவந்து, ஆணை அழைத்துப்போய்க் கொட்டாங்குச்சியைக் காட்டிக்கொண்டிருப்பது பெண்தான். நேற்றும் பெரியம்மா வந்து குனிந்து பார்த்தார். "வளரவே இல்லையே," என்றார்.